பாத்ரூமில் நாற்றமா? எப்போது வருகிறது என்று பார்த்தால் எங்கிருந்து என்று தெரியும்

ஃபினாயில் ஊற்றினால் அரை நாள் தாங்கும். ஏர் ஃபிரெஷ்னர் மாட்டினால் ரோஜா வாசனையும் சாக்கடை வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும். பாத்ரூம் நாற்றத்தில் பெரும்பாலானவை அழுக்கினால் வருவதில்லை. எங்கோ சாக்கடைக் காற்றைத் தடுத்து நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு இணைப்பு விட்டிருக்கும், காற்று போக வழியில்லாமல் இருக்கும். அதனால்தான் பளபளவென்று தேய்த்து வைத்த பாத்ரூமும் நாறுகிறது. என்ன வாடை, எந்த நேரத்தில் வருகிறது என்ற இரண்டையும் கவனித்தால் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. தரையில் ஜாலிக்குக் கீழே இருக்கும் நானி டிராப், வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப், குளோசெட்டின் வளைவு மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்து, குழாயில் இருக்கும் சாக்கடைக் காற்று அறைக்குள் ஏறாமல் தடுக்கின்றன. பிளம்பர்கள் இதை வாட்டர் சீல் என்பார்கள். அதன் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த இரண்டு அங்குலத் தண்ணீர் பற்றியவை.

எங்கிருந்து என்றே தெரியவில்லை

ஒரு ராத்திரி ஒதுக்கினால் போதும். வாளி, மக், மாப், மிதியடி, துண்டு, அழுக்குத்துணிக் கூடை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். தரையைச் சாதாரணத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். ஃபினாயில் வேண்டாம், அதன் வாசனை சோதனையைக் கெடுத்துவிடும். கனமான பாலிதீன் கவரில் அரை லிட்டர் தண்ணீர் பிடித்து, வாயை இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு ஜாலியின் மேலும் வையுங்கள். தண்ணீர்ப் பை தரையோடு ஒட்டிப் படிந்துகொள்ளும், டேப்பைவிட நன்றாக அடைக்கும். வாஷ்பேசினில் கீழ் ஓட்டை, மேலே இருக்கும் ஓவர்ஃப்ளோ ஓட்டை இரண்டுக்கும் டேப். குளோசெட் வாயைப் பெரிய பாலிதீன் தாளால் மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெண்டிலேட்டர், ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடுங்கள்.

காலையில் கதவைத் திறந்த முதல் மூச்சுதான் கணக்கு. நம் மூக்கு ஒரே வாடைக்குச் சில நிமிடத்தில் பழகிவிடும். உள்ளேயே நின்று மோந்துகொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. நாற்றம் இல்லையென்றால், மூடிய ஓட்டைகளில் ஏதோ ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாகத் திறந்து, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு வந்து பாருங்கள். எல்லாம் மூடியிருந்தும் நாறினால் ஓட்டைகளை விட்டுவிடலாம். டைல்ஸ் இடுக்கு, குளோசெட்டின் அடிப்பாகம், சுவர், சீலிங் என்று தேட வேண்டும். ராத்திரி நாறாமல், வெண்டிலேட்டரைத் திறந்ததும் நாறினால் காரணம் வெளியே இருக்கிறது. குழாய்கள் இறங்கும் டக்டிலோ, வெளியே இருக்கும் சாக்கடைச் சேம்பர் மூடியிலோ பாருங்கள்.

ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை

டிராப் வற்றிவிட்டது. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூமிலும் இதே கதைதான். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். அந்த ஓட்டை வழியாக வாடையோடு கரப்பானும் கொசுவும் ஏறிவரும்.

ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குளோசெட்டை ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள், வாஷ்பேசின் குழாயை அரை நிமிடம் திறந்துவிடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு மணி நேரத்தில் தெளிய வேண்டும். மறந்துவிடும் ஜாலிகள் எப்போதும் சில உண்டு: வாஷிங் மெஷின் இடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, பால்கனியில் இருப்பவை.

மாதக்கணக்கில் பூட்டப்போகும் வீடு என்றால், கிளம்பும் நாளில் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒவ்வொரு டிராப்பிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி லிக்விட் பாரஃபின் விடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி ஆவியாவதைத் தடுக்கும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வேண்டாம், அவை சிக்குப் பிடித்துத் தனியாக நாறும். ஜாலி மேல் பாலிதீன் விரித்து ஒரு டைல் துண்டைப் பாரமாக வைத்தால் இன்னும் நல்லது.

தினமும் குளிக்கும் பாத்ரூமிலேயே தண்ணீர் வற்றுகிறதென்றால் அது ஆவியாகவில்லை. டிராப்பில் கீறல் விழுந்திருக்கலாம். இல்லையென்றால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

மேல்வீட்டில் ஃபிளஷ் செய்தால் நம் ஜாலியில் "களக் களக்", பிறகு நாற்றம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடிக்கடி வரும் புகார். மேலிருந்து தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும்போது பின்னால் காற்று வந்து நிரப்ப வேண்டும். அந்தக் காற்று மொட்டைமாடியில் இருக்கும் வென்ட் குழாய் வழியாக வர வேண்டும். அங்கே வழியில்லையென்றால் உங்கள் டிராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, உங்கள் அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அதுதான். கீழ்த்தளத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: காற்று அழுத்தி, தண்ணீர் குமிழியிட்டு மேலே வரும்.

ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்து, தண்ணீர் மட்டத்தை ஒரு மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மேல்வீட்டுக்காரரை மூன்று முறை ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். மட்டம் ஆடி அடங்கினால் பரவாயில்லை. இறங்கி அப்படியே நின்றுவிட்டால் வென்ட் கோளாறு.

மொட்டைமாடிக்குப் போனால் பெரும்பாலும் காரணம் கண்ணெதிரே இருக்கும். கொசு வருகிறதென்று யாரோ குழாய் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார்கள். இல்லையென்றால் குழாய் வாயில் இருக்கும் மூடியான கவுல் உடைந்து உள்ளே புறாக்கூடு. சோலார் பேனல் போட வந்தவர்கள் குழாயை அறுத்து மூடிவிட்டுப் போவதும் உண்டு. கொசுவுக்கு நைலான் வலையைச் சுற்றிக் கட்டினால் போதும், காற்றை அடைக்கக் கூடாது. வலையிலும் தூசி படியும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாய் ஆள் உயரத்துக்கு மேலே ஏறி முடிய வேண்டும். முழங்கால் உயரத்தில் நின்றால் வாடை மாடி முழுக்கப் பரவி, திறந்த ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வரும். உள்ளே அடைப்பா என்று பார்க்கத் தீக்குச்சி உரசாதீர்கள், சாக்கடைக் காற்றில் மீத்தேன் இருக்கும். டார்ச் போதும்.

மாடி நம் கையில் இல்லை, சங்கத்தில் யாரும் அசையவில்லை என்றால் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. நம் கிளைக் குழாயில் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு பொருத்தச் சொல்லலாம். உறிஞ்சும்போது திறந்து காற்றை உள்ளே விடும், மற்ற நேரம் மூடியிருக்கும். வாஷ்பேசின் விளிம்பைவிட உயரத்தில், பின்னால் கை போகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் கீழ்த்தளத்தில் குமிழியிட்டு ஏறும் கோளாறுக்கு இது உதவாது. அங்கே வென்டைச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால்தான் நாறுகிறது

கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் கணக்கு எளிது. எட்டுக்கு ஐந்து அடி, எட்டடி உயரப் பாத்ரூமில் சுமார் 9 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. சாதாரண ஆறு அங்குல ஃபேன் அந்த அளவைச் சில நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். வெளியே போன அளவு உள்ளே வந்தாக வேண்டும். பிவிசி கதவு தரையோடு ஒட்டிச் சாத்தியிருக்கிறது, வெண்டிலேட்டர் கண்ணாடியும் மூடியிருக்கிறது என்றால், மிச்சமிருக்கும் ஒரே வழி டிராப்தான். அதன் தண்ணீர் ஆழம் குறைவாக இருந்தால் ஃபேன் சாக்கடைக் காற்றையே உள்ளே இழுக்கும்.

ஃபேனைப் போட்டு, கதவின் அடியில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். உள்நோக்கி நன்றாகப் பறந்தால் சரி. அசையவேயில்லை, கதவைக் கொஞ்சம் திறந்ததும் ஃபேன் சத்தமே மாறுகிறது என்றால் காற்று உள்ளே வர வழியில்லை. கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வருமாறு அறுத்துவிடுங்கள், அல்லது கீழ்ப்பகுதியில் காற்றுச் சட்டம் பொருத்துங்கள். ஃபேன் டக்டுக்குள் ஊதினால் அதன் பின்பக்க இறக்கைகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்றும் பாருங்கள். தூசியும் எண்ணெயும் பிடித்துத் திறந்தபடியே நின்றால், ஃபேன் ஓடாத நேரத்தில் பக்கத்து வீட்டு வாடை நம்மிடம் வரும்.

குளிக்கக் குளிக்கச் சகதி வாடை. தண்ணீரும் மெதுவாகத்தான் போகிறது

டிராப்புக்குள் கசடு. நம் ஊரில் இது கொஞ்சம் தனி வகை: எண்ணெய்க் குளியலின் நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், முடி, போர் தண்ணீரின் உப்போடு சோப்பு சேர்ந்து உண்டாகும் வெள்ளைப் பிசுக்கு. எல்லாம் ஒன்றாகப் படிந்து கறுத்துவிடும். காற்றுப் படாத அந்தக் கறுப்புக்குள் வாழும் கிருமிகள்தான் அழுகின முட்டை வாடையை உண்டாக்குகின்றன. மேலே ஆசிட் ஊற்றினால் மேல்தோல் மட்டும் போகும், முடி கரையாது.

கையுறை மாட்டிக்கொண்டு ஜாலியைக் கழற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் கப் ஒன்று இருக்கும். திருகியோ நேராகத் தூக்கியோ எடுக்கலாம். உப்புப் பிடித்து வராவிட்டால் நூறு கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கப்பை எடுத்ததும் முடியைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துக் குப்பையில் போடுங்கள். உள்ளே தள்ளினால் அடுத்த வளைவில் போய் நிற்கும். பழைய பாட்டில் பிரஷ்ஷால் சுவரைத் தேயுங்கள். பிறகு நூறு கிராம் சலவை சோடாவை ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றி, இருபது நிமிடம் கழித்து ஒரு வாளித் தண்ணீரால் அலசுங்கள். கை பொறுக்காத சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகி, இணைப்பு விட்டுவிடும்.

கப்பைத் திரும்ப மாட்டுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தண்ணீர் சரியாகப் போகவில்லை என்று அந்தக் கப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கப்தான் தண்ணீரில் அமிழ்ந்து வழியை மூடுவது. அது போனால் ஜாலிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கப் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விலை மலிந்த டிராப்புகளில் இது 15, 20 மில்லிமீட்டர்தான் வரும். லேசாக உறிஞ்சினாலே சீல் உடைந்துவிடும். அடுத்த முறை தரையை உடைக்கும் வேலை வரும்போது 50 மில்லிமீட்டர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஜாலிக்குக் கீழே செருகும் ஒருவழி சிலிகான் அடைப்பான் கைகொடுக்கும். முடி சிக்கினால் அது மூடாது, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். கசடுக்கு அது போதாது.

வாஷ்பேசின் பக்கம் குனிந்தால் மட்டும் வாடை

இரண்டு இடம். முதலாவது ஓவர்ஃப்ளோ ஓட்டை. பற்பசை எச்சில் வழிந்து உள்ளே வழவழப்பாகப் படிந்திருக்கும், யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். மெல்லிய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, சலவை சோடாக் கரைசலைப் புனல் வைத்து ஊற்றினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, பேசினுக்குக் கீழே. பாட்டில் டிராப்புக்குப் பதிலாக வெள்ளை நெளிகுழாயை நேராகச் சுவர் ஓட்டையில் செருகியிருந்தால் சீல் என்பதே கிடையாது. அந்த நெளிகுழாயையே மேல்நோக்கி வளைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கிற மாதிரி கேபிள் டையால் கட்டினால் தற்காலிக டிராப். நிரந்தரமாக ஒன்றேகால் அங்குல பாட்டில் டிராப் மாட்டுங்கள். அதன் அடிப்பகுதி திருகிக் கழற்றும்படி இருக்கும். கீழே ஒரு மக்கை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கொட்டுங்கள். திரும்ப மாட்டும்போது வாஷர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருந்தால் எத்தனை டிராப் போட்டாலும் பயனில்லை. அங்கே ரப்பர் வளையம் அல்லது சிலிகான்.

பேசினில் அந்துருண்டை போடும் பழக்கம் வேண்டாம். வாடையை மறைக்கும், காரணத்தைத் தொடாது. அதைவிட முக்கியம், நாப்தலின் உருண்டைகள் ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. மிட்டாய் மாதிரி இருப்பதால் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி, கழுவியும் போகவில்லை

சிறுநீர் காய்ந்தால் அதிலிருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும். கரிக்கும் நெடி அது. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் உள்ள வீட்டில் இது மஞ்சள், பழுப்புச் செதிலாகக் கெட்டிப்பட்டுவிடும். அந்தச் செதிலுக்குள் வாடை ஊறியிருக்கும். சோப்பும் ஃபினாயிலும் அதைத் தொடாது. ஆசிட் வகைதான் கரைக்கும்.

முதலில் எங்கே என்று தேடுங்கள். வெஸ்டர்ன் குளோசெட்டில் சீட்டைக் குளோசெட்டோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் அடிப்பகுதி, விளிம்பின் உட்பக்கம், குளோசெட்டுக்குப் பின்னால் தரை, பக்கத்துச் சுவரில் இரண்டடி உயரம் வரை. இந்தியன் வகையில் கால் வைக்கும் இடத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவிலுள்ள சிமெண்ட் கோடு. சீட் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தவர்கள் குறைவு. கழற்றினால் பல வீட்டில் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

குளோசெட்டுக்கு டாய்லெட் கிளீனரை விளிம்புக்கு அடியில் சுற்றி விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். தரைக்கு எலுமிச்சை உப்புக் கரைசல். முன்னால் சொன்ன அளவுதான்: லிட்டருக்கு நூறு கிராம். ஊற்றுவதற்கு முன் தரையைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆசிட்டைக் குறைவாக உறிஞ்சும். பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும். மார்பிள், மொசைக், கடப்பா கல் என்றால் எந்த ஆசிட்டும் கூடாது, கல்லையே தின்றுவிடும். அங்கே என்சைம் கிளீனர் விட்டு ராத்திரி முழுக்க ஈரமாக வைத்திருங்கள். அன்றைக்கு அதே இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் என்சைம் வீணாகிவிடும்.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் கிளீனரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். மூத்திரம் ஊறிய இடத்தில் நேராகப் பிளீச்சிங் பவுடர் தூவினாலும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு வரும். "நல்லா கிருமி சாகுது" என்று பலர் நினைத்துக்கொள்ளும் அந்தக் கடுநெடி இதுதான். இரண்டில் ஒன்றை மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். இன்னொன்று தேவையென்றால் நன்றாக அலசி, அடுத்த நாள்.

எவ்வளவு கழுவினாலும் தரையிலிருந்தே வருகிறது

குளோசெட்டின் அடியிலோ, தரைக்குக் கீழேயோ கசிவு. குளோசெட் ஆடுகிறதா என்று இரண்டு கையாலும் அசைத்துப் பாருங்கள். பழைய வேலைகளில் குளோசெட்டையும் கழிவுக் குழாயையும் வெள்ளைச் சிமெண்டால் இணைத்திருப்பார்கள். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை அசைந்து அந்தச் சிமெண்ட் வெடித்துவிடும். தண்ணீர் வெளியே தெரியாது. காற்று மட்டும் வரும்.

சோதனைக்குச் சொட்டு நீலம் போதும். குளோசெட்டுக்குள் பத்துச் சொட்டு விட்டு ஃபிளஷ் செய்யுங்கள், நாலைந்து முறை. அடிப்பகுதியைச் சுற்றி வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்திப் பாருங்கள். நீலம் ஒற்றினால் குளோசெட்டைத் தூக்கி, ரப்பர் கனெக்டர் போட்டு மறுபடி உட்காரவைக்க வேண்டும். சுற்றி சிலிகான் பூசும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் விட்டுவிடச் சொல்லுங்கள். முழுக்க அடைத்துவிட்டால் மறுபடி கசியும்போது உள்ளேயே தேங்கி நாறும், உங்களுக்குத் தெரியாது.

குளோசெட் சரியாக இருக்கிறது, ஆனால் டைல்ஸ் இடுக்குகள் எப்போதும் கறுப்பாக ஈரமாக இருக்கின்றன, கீழ்வீட்டுச் சீலிங்கில் கறையும் வெள்ளை உப்புப் பூப்பும் தெரிகின்றன என்றால் சங்கன் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். குழாய்கள் போவதற்காகப் பாத்ரூம் தளத்தைத் தாழ்வாக வார்த்து, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். இடுக்கு வழியாக இறங்கும் சோப்புத் தண்ணீரும், விட்டுப்போன குழாய் இணைப்பின் கழிவும் அந்த நிரப்பில் ஊறி, தொட்டி மாதிரி தேங்கும். வெளியே போக வழியில்லாமல் அழுகி, டைல்ஸ் இடுக்கு வழியாக மூச்சு விடும்.

இடுக்கா, குழாயா என்று பிரித்துப் பார்க்கலாம். ஜாலியை அடைத்து, வாசல்படி உயரத்துக்குக் கீழே இருக்குமாறு ஓர் அங்குலம் நீலத் தண்ணீர் தேக்கி, இருபத்திநான்கு மணி நேரம் அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தாதீர்கள். மட்டம் குறைந்து, கீழ்வீட்டிலும் ஈரம் கூடினால் இடுக்குகள். அப்படியென்றால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி கிரவுட் போட்டால் பெரும்பாலும் தரையை உடைக்காமல் தப்பிக்கலாம். ஈரத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது. அவசரப்பட்டால் காசு போச்சு. மட்டம் குறையாமல், ஃபிளஷ் செய்யும்போது மட்டும் கீழே சொட்டினால் குழாய்தான். உடைத்துத்தான் ஆக வேண்டும். மறுபடி நிரப்புவதற்கு முன் வாட்டர்புரூஃபிங் பூசி, நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சுடுதண்ணீர் திறந்தால் அழுகின முட்டை

இரண்டு டம்ளரில் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பிடித்து, பாத்ரூமை விட்டு வெளியே போய் மோந்து பாருங்கள். வெளியே நாறவில்லையென்றால் தண்ணீரில் குற்றமில்லை. சூடு பட்டு டிராப்பின் வாடை எழுகிறது. சுடுதண்ணீர் மட்டும் நாறினால் ஹீட்டர். உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் மெக்னீசியம் தண்டும், தண்ணீரிலுள்ள சல்பேட்டை உண்ணும் கிருமிகளும் சேர்ந்து இந்த வாயுவை உண்டாக்கும். ஹீட்டரைக் குறைந்த சூட்டிலேயே வைத்திருந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஒருநாள் சூட்டை முழுக்க ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரைக் குழாய்கள் வழியாகத் திறந்துவிடுங்கள். கை வைக்காதீர்கள், வெந்துவிடும். திரும்ப வந்தால் சர்வீஸ் ஆளிடம் டேங்கைக் கழுவி, அலுமினிய-துத்தநாகத் தண்டு போடச் சொல்லுங்கள்.

இரண்டு டம்ளரும் நாறினால் போர் தண்ணீர் அல்லது மேல்தொட்டி. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு முழுக்க வெளியேற்றுங்கள்.

ஈரவாடை, பூஞ்சணம்

சாக்கடை வாடையே இல்லை, மூடிவைத்த பெட்டி மாதிரி ஒரு மக்கிய வாடை. முதல் குற்றவாளி துணிதான்: காயாத துண்டு, ரப்பர் மிதியடியின் அடிப்பாகம், ஈரத்தோடு மூலையில் நிற்கும் மாப். துண்டுகளை 60 டிகிரி தண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மாப்பைத் தலைகீழாக வெளியே மாட்டுங்கள். குளித்த பிறகு ஃபேன் இருபது நிமிடமாவது ஓட வேண்டும்; வைப்பரால் தரையைத் தள்ளிவிட்டால் பாதி ஈரம் அப்போதே போய்விடும்.

சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஸ்பிரே செய்தால் கண்ணில்தான் விழும். கண்ணாடி, கையுறை கட்டாயம். மேல்வீட்டுக் கசிவால் வந்த பூஞ்சணம் என்றால் கசிவு நிற்கும்வரை பெயிண்ட் அடிப்பது வீண்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாப் பாத்ரூமும் ஒரே நேரத்தில்

வீட்டுக்குள் தேடாதீர்கள். செப்டிக் டேங்க் நிறைந்திருக்கும், அல்லது உறிஞ்சுகுழி மழைநீரில் நிரம்பி மேற்கொண்டு வாங்காமல் நிற்கும். ஃபிளஷ் மெதுவாக இறங்கும், தாழ்வான ஜாலியில் தண்ணீர் ஏறும். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆடி ஆவணியிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். லாரிக்கு 14420 எண்ணை அழைக்கலாம். சென்னையில் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடு, தெருச் சேம்பரே வழிகிறது என்றால் மெட்ரோவாட்டரின் 1916. எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

வாசல் சேம்பரின் மூடி உடைந்திருந்தாலோ, விளிம்பு இடைவெளி விட்டிருந்தாலோ வெண்டிலேட்டர் வழியாக வாடை வரும். விளிம்பில் கிரீஸ் தடவி மூடியை உட்காரவைத்தால் அடைத்தது மாதிரியும் ஆச்சு, அடுத்த முறை திறக்கவும் வரும்.

கவிச்சை: மீன் வாடை, செத்த வாடை

மீனே வாங்காத வீட்டில் மீன் கவிச்சை அடித்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். தளர்ந்த இணைப்பில் சூடேறும் பிளாஸ்டிக் அப்படித்தான் நாறும். தொடாமல் முதலில் மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். பிளக் பின்கள் பழுப்பாகியிருந்தாலோ, சுவிட்ச் பலகை உருகியிருந்தாலோ, பழையதைச் சுரண்டித் திரும்ப மாட்டாமல் 16 ஆம்பியர் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒயரில் கருகிய நுனியையும் வெட்டிவிட வேண்டும்.

நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் இனிப்புக் கலந்த அழுகல் என்றால் லாஃப்ட், ஃபால்ஸ் சீலிங், எக்ஸாஸ்ட் ஃபேனின் பின்பக்கம். எலியோ பல்லியோ கிடக்கும். ஈக்கள் எங்கே மொய்க்கின்றன என்று பார்த்தால் இடம் தெரியும். கை எட்டாத இடம் என்றால் ஓரிரு வாரத்தில் அதுவே காய்ந்துவிடும். அதுவரை ஒரு தட்டில் அடுப்புக்கரி பரப்பி அங்கே வையுங்கள்.